இடது கட்டைவிரலுக்கு ஒரு நிரல்

மார்ச் 4

டிவி முழுக்க வெறும் நீல நிறம். இன்றைய சாதனை அவ்வளவுதான். பழைய வீடியோ கேம் பெட்டிக்கு, ஒவ்வொரு சிறு அடியையும் இயந்திரத்துக்குச் சொல்லித்தர வேண்டிய அசெம்பிளி மொழியில் நானே எழுதிய முதல் நிரல். ஓர் எண்ணை எடு, இன்னோர் இடத்தில் வை, சும்மா சுற்றிக்கொண்டே இரு. இதற்கே ஒரு வாரம். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுவிட்டு வந்து இதில் தலையைக் கொடுக்கிறேன்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மாவுக்குப் பேச்சு இல்லை, வலது கையும் இல்லை. நான் கடையில் இருக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறார். படத்தைத் தொட்டுப் பேசச் சொல்லி மருத்துவமனையில் கொடுத்த டேப்லெட் கணினியைத் தள்ளிவிடுகிறாள். விரல் நடுங்கி, ஒன்றைத் தொட்டால் வேறொன்று திறக்கிறது. போன மாதம் அலமாரியை ஒழிக்கும்போது இந்தப் பெட்டி கிடைத்தது. கன்ட்ரோலரை அவள் மடியில் வைத்தேன். இடது கட்டைவிரல் தானாகப் போய் அம்புக்குறிப் பொத்தானில் உட்கார்ந்தது. எங்கள் சின்ன வயதில் அண்ணனையும் என்னையும் தோற்கடித்துக் கைகொட்டிச் சிரிப்பாளே, அதே விரல். இனி அந்த விரலே பேசட்டும் என்றுதான் இந்த நிரல்.

மார்ச் 9

அண்ணன் ஃபோன். "அம்மாக்கு எதுவும் புரியலடி. மூணாவது மாடில, லிஃப்ட் இல்லாத வீட்ல வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? இங்க கூட்டிட்டு வந்துடறேன். அண்ணி வீட்லதான இருக்கா."

"எல்லாம் புரியுது அவளுக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும்? தெரியும். அவ்வளவுதான்.

மார்ச் 13

அம்மா கேட்கக்கூடிய ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரைகிறேன். எட்டுப் புள்ளி அகலம், எட்டுப் புள்ளி உயரம், அதற்குள் உலகத்தை அடைக்க வேண்டும். தண்ணீர் டம்ளர் வாளி மாதிரி இருக்கிறது. ஃபேன் பூ மாதிரி. போர்வை எதைப் போலவும் இல்லை.

மார்ச் 15

பொத்தானைத் தட்டினால் திரையில் அம்பு ஒரு படம் நகர வேண்டும், சில சமயம் இரண்டு தாண்டுகிறது. முட்டி மோதிவிட்டு இணையக் குழுவில் கேட்டேன். 'பூனைமீசை' என்று ஒருவர், ஆணா பெண்ணா தெரியாது, ஒரே வரியில் பதில்: "கூட்டும் முன் மிச்சத்தைத் துடைத்தீர்களா?" போன கணக்கில் கைவசம் மிஞ்சிய ஒன்றை இயந்திரம் மறக்காமல் வைத்திருந்து அடுத்த கணக்கில் சேர்த்துவிடுமாம். நானும் அண்ணனும் பேசுகிற லட்சணம்தான். ஒரு வரி சேர்த்தேன், சரியாகிவிட்டது.

மார்ச் 20

அம்மாவிடம் கொடுத்தேன். ஒரு முறைதான் அழுத்தினாள். அம்பு எல்லாப் படங்களையும் தாண்டிப் பறந்தது. மறுபடியும். மறுபடியும். கன்ட்ரோலரைத் தரையில் வீசிவிட்டாள்.

"உன் தப்பு இல்லம்மா, என் தப்பு."

சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மார்ச் 21

புரிந்துவிட்டது. நான் சட்டென்று தட்டி விரலை எடுத்துவிடுவேன், அம்மாவின் விரல் பொத்தானிலேயே நிற்கிறது. நாம் கண்மூடித் திறப்பதற்குள் பெட்டி பல தடவை பொத்தானைப் பார்க்கிறது. பார்க்கும்போதெல்லாம் நகர் என்று எழுதியிருக்கிறேனே, மடச்சி! போன தடவை அழுத்தாமல் இருந்து இப்போது அழுத்தினால் மட்டும் நகர வேண்டும். நகர்ந்ததும் கொஞ்ச நேரம் கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டும், நடுக்கம் அடங்குகிற வரை. கடை ரசீதின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். முதலாளி எட்டிப் பார்த்து, "என்ன, புது கண் டெஸ்ட் சார்ட்டா?" என்றார்.

மார்ச் 23

தண்ணீர்! அம்மா தண்ணீரைத் தேர்ந்தெடுத்தாள். ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். குடிக்கவில்லை. ஃபேனை அழுத்தினாள். போட்டேன். போர்வை. போர்த்தினேன். மறுபடி தண்ணீர். அப்போதுதான் பார்த்தேன், வாயின் ஓரம் துடிக்கிறது. என்னை வேலை வாங்கிச் சிரிக்கிறாள்!

வீடியோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். கூப்பிட்டான். மூன்று தடவை பார்த்தானாம். பிறகு, "அப்ப அவகிட்டயே கேட்டுடலாம். என் வீடா, உன் வீடா?"

கேட்டுடலாம் என்றேன். என்ன திமிர் எனக்கு.

மார்ச் 27

இரண்டு வீடு வரைந்தேன். படிக்கட்டு வைத்தது என்னுடையது, வாசலில் மரம் வைத்தது அண்ணனுடையது. ஆரம்பத்திலேயே அம்பை என் வீட்டின் மேல் நிற்கவைத்தால் என்ன? யாருக்குத் தெரியும்? வைத்தேன். அணைத்துவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. எழுந்து நடுவுக்கு மாற்றினேன்.

மார்ச் 29

அண்ணன் வந்தான். அம்மா மரம் வைத்த வீட்டை எடுத்தாள்.

"கை நடுங்கிடுச்சும்மா, திரும்பப் பண்ணு."

அதே வீடு.

"அம்மா, இது அண்ணன் வீடு. இதுதான் நம்ம வீடு. நல்லாப் பாரு."

மூன்றாம் முறை அவள் திரையைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே அழுத்தினாள்.

அண்ணன் ஜெயித்த மாதிரி எதுவும் பேசவில்லை. காபி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தான். போகும்போது மட்டும், "வெளிக்காத்து பட்டு எவ்வளவு நாளாச்சு அவளுக்கு," என்றான்.

மார்ச் 30

நானே செய்து கொடுத்த வாய். என்னையே வேண்டாம் என்கிறது.

ஏப்ரல் 2

அண்ணன் கூட்டிவந்த ஆட்கள் நாற்காலியோடு அம்மாவைக் கீழே இறக்கினார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் "பாத்து, பாத்து" என்று கத்திக்கொண்டே பின்னால் போனேன். தெருவுக்கு வந்ததும் அம்மா முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டாள். வெயில் நேராக முகத்தில். மூடியபடியே இருந்தாள். கார் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அண்ணன் காத்திருந்தான்.

என்னை வேண்டாம் என்று சொல்லவில்லையோ? படிக்கட்டைத்தான் சொன்னாளோ?

பெட்டியையும் கூடவே அனுப்பினேன்.

ஏப்ரல் 10

கடை. வீடு. கடை.

ஏப்ரல் 16

அண்ணன் ஃபோன். "அதுல ஒரு படம் சேக்கணும்டி."

"என்ன படம்?"

"எல்லாப் படத்தையும் சுத்திச் சுத்தி வரா, எதையும் எடுக்க மாட்டேங்கறா. அண்ணி ஒவ்வொண்ணாச் சொல்லிப் பாத்தா. உன் பேரச் சொன்னதும் கைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. உன் படமே இல்லையே அதுல!"

எப்படி இருக்கும்? வீட்டில் இருக்கும்போதெல்லாம் நான்தான் பக்கத்திலேயே இருந்தேனே. கூப்பிட வேண்டிய தேவையே வரவில்லையே.

உட்கார்ந்து வரைந்தேன். முடிக்கு ஒரு வரிசை, மூக்குக்கண்ணாடிக்கு இரண்டு. ஆந்தை மாதிரி வந்தது. கண்ணாடியை எடுத்தால் யாரோ மாதிரி இருக்கிறது. ஆந்தையே இருக்கட்டும்.

அதை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை. அண்ணனையே கேட்டேன்.

"என்ன நடக்கணும்? நான் ஃபோன் பண்றேன், நீ பஸ் ஏறு," என்றான்.