இடம் மாறி நின்ற இரண்டு பெயர்கள்

என் அண்ணனுக்கு, என்னைத் திட்டுவதற்காவது ஒருமுறை வந்துவிட்டுப் போ என்று கேட்கும் மலர் எழுதுவது.

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. தினமும் மனசுக்குள் உன்னோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன், அதனால் எழுதத் தோன்றியதில்லை. இதை மட்டும் ஊரும் படிக்கும்படி எழுத வேண்டியிருக்கிறது. உன்னிடமிருந்து ஒன்றை நான் பறித்துவிட்டேன் அண்ணே.

காரைக்காலில் அதே கம்ப்யூட்டர் சென்டரில்தான் இன்னமும் வேலை. நம் கோட்டுச்சேரிமேட்டிலிருந்து நீயும் சந்திரனும் வளைகுடாவுக்குப் படகு வேலைக்குக் கிளம்பியபோது விசாத் தாளை அங்கேதானே பிரிண்ட் எடுத்தோம். சேர்ந்து போனீர்கள். சேர்ந்தே பெட்டிகளில் திரும்பி வந்தீர்கள். கடலில் என்ன நடந்தது என்று சொல்ல ஆள் இல்லை.

பிறகு உங்கள் படகு முதலாளியின் மகன் சென்டருக்கு ஒரு மெயில் அனுப்பினான். முழுக்க அரபி. உங்கள் பெயர்கள் மட்டும், பாஸ்போர்ட்டைப் பார்த்து அடித்தானோ என்னவோ, இங்கிலீஷ் எழுத்தில் இருந்தன. பத்து வருஷம் குடும்பத்தோடு அந்தப் பக்கம் இருந்து வந்த ஆயிஷா அக்காவைக் கூப்பிட்டு வந்தேன். அரபியை வலப்பக்கத்திலிருந்துதானே படிப்பார்கள், அவரும் அப்படியே படித்தார். வலை இழுக்கும்போது ஒருவர் தவறி விழுந்திருக்கிறார், மற்றவர் காப்பாற்றக் குதித்திருக்கிறார், இருவரும் கரையேறவில்லை.

"புள்ள, குதிச்சது ஒங்க அண்ணன்தான். சந்திரனக் காப்பாத்தத்தான் முருகையன் குதிச்சான்னு எழுதியிருக்கான்" என்றார்.

அதைத் தமிழில் எழுதி, கோயில் வாசலில் கூடியிருந்த ஊருக்கே சத்தமாகப் படித்தேன். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? அம்மா அன்றைக்குத்தான் ஒரு வாய் சோறு சாப்பிட்டாள். சந்திரன் பெண்சாதி செல்வி எங்கள் காலில் விழுந்தாள். அதற்குப் பிறகு உன் திதிக்கு ஒவ்வொரு வருஷமும் எல்லோருக்கும் முன்னால் வந்து, எல்லோருக்கும் கடைசியில் பாத்திரம் தேய்த்துவிட்டுப் போனாள். வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை.

போன மாதம் ஒருவர் அரபியில் மெயில் அடிக்க வந்தார். நடுவில் இங்கிலீஷ் வார்த்தை வந்த இடமெல்லாம் வரி குலைந்து போனது. முற்றுப்புள்ளி கூட தப்பான ஓரத்தில் போய் உட்கார்ந்தது. "இது நம்ம எழுத்து மாதிரி இடப்பக்கத்துலேர்ந்து ஓடுதும்மா. தெசைய மாத்தி வைங்க, இல்லன்னா படிக்கிறவன் தலைகீழாப் படிச்சுப்புடுவான்" என்றார். மெனுவுக்குள் தேடி, வலமிருந்து இடம் என்று மாற்றினேன். வரிகள் வலது ஓரத்துக்குப் போய் ஒழுங்காக நின்றன. அவர் அனுப்பிவிட்டுப் போய்விட்டார்.

உன் மெயிலிலும் அரபிக்கு நடுவே பெயர்கள் இங்கிலீஷில் இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. பத்திரமாக வைத்திருந்த உன் மெயிலைத் திறந்து, அதற்கும் திசையை மாற்றினேன். எனக்கு அரபியில் ஓர் எழுத்தும் தெரியாது, ஆனால் உன் பெயர் தெரியும். வலப்பக்கம் இருந்த நீ இடப்பக்கம் போனாய். அந்த இடத்துக்குச் சந்திரன் வந்தார். அன்றைக்குத் திரையில் வரி தப்பான திசையில் ஓடியதால், குதித்தவர் பெயரும் விழுந்தவர் பெயரும் இடம் மாறி நின்றிருக்கின்றன.

ஆயிஷா அக்காவை மறுபடி படிக்கச் சொன்னேன். பாதியிலேயே வாயைப் பொத்திக்கொண்டார். "யா அல்லா! புள்ள, குதிச்சது சந்திரன்!" முதலாளி மகனுக்கும் எழுதிக் கேட்டேன். ஆமாம், சந்திரன்தான் குதித்தார், இருவர் உடலையும் ஒன்றாகத்தான் எடுத்தோம் என்று பதில் வந்தது.

நான்கு நாள் அந்த மெயிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். அழித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன், பொய் சொல்வானேன். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

முதலில் அம்மாவிடம் சொன்னேன். "செத்தவனுக்கு மிச்சம் இருந்தது அந்தப் பேரு ஒண்ணுதான். அதயும் புடுங்கிட்டியாடி?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இன்றைக்கு வரைக்கும் என்னோடு பேச்சு இல்லை. நானும் அவளும் இருக்கிற வீட்டில் ரேடியோ மட்டும்தான் பேசுகிறது.

பிறகு செல்வி வீட்டுக்குப் போனேன். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை நிமிரவே இல்லை.

"மூணு வருஷமா அவரத் திட்டிக்கிட்டுல்ல கெடந்தேன் மலரு" என்றாள். "நீ விழுந்ததுமில்லாம அடுத்த வீட்டுப் புள்ளயயும் சேத்து இழுத்துக்கிட்டுப் போனியேன்னு. அவரு படத்துக்கு ஒரு பூ வச்சதில்ல. அவரு செஞ்ச காரியம் தெரியாம, அவரப் போயி..."

மன்னித்துவிடு என்றேன். "போயிட்டு வா மலரு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது. வீட்டில் அம்மா இல்லாத மாதிரி, வெளியில் செல்வியும் இல்லை இப்போது. உன் ஞாபகத்தைப் பங்கு போட்டுக்கொள்ள எனக்கு ஆளே இல்லை அண்ணே.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கேள். இந்த மூன்று வருஷமும் கண்ணை மூடினால் எனக்கு ஒரே காட்சிதான். யாரையோ காப்பாற்றப் போன என் அண்ணனைக் காப்பாற்ற ஒருவரும் வரவில்லையே, அவ்வளவு பெரிய கடலில் தனியாகப் போய்விட்டானே என்று அழுவேன். உன்னை வீரன் என்று ஊர் சொன்ன நாளிலும் அதை நினைத்துத்தான் அழுதேன்.

வருகிற ஊர்க் கூட்டத்தில் நானே எழுந்து நின்று, தப்பாகப் படித்ததைச் சரியாகப் படித்துச் சொல்வேன். அம்மா பேசாவிட்டாலும் சொல்வேன். குரல் நடுங்காது, பயப்படாதே. நீ தனியாகப் போகவில்லை அண்ணே. உனக்காக ஒருவர் குதித்திருக்கிறார்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
மலர்