செய்திக்கு அடியில் இருந்த எண்

அன்புள்ள அப்பாவுக்கு,

என் போனை நீங்கள் எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். பட விளம்பர அலுவலகத்தில் என் பயிற்சிக் காலம் முடிந்துவிட்டது. நீங்கள் எழுதச் சொல்லி நான் எழுதாத வங்கித் தேர்வைப் பற்றி இதில் ஒரு வார்த்தையும் எழுத மாட்டேன், பயப்படாதீர்கள்.

கடைசி வாரம் ஒரு கூத்து பண்ணினேன். பத்திரிகைகளுக்கு அனுப்பும் செய்திக்கு அடியில் அலுவலக எண்ணைப் போட வேண்டும். அவசரத்தில், எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணைத் தட்டிவிட்டேன். நாள் முழுக்க நிருபர்கள் உங்கள் உயிரை வாங்கியிருப்பார்கள்.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டார். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே போனேன்.

"யாரும்மா அந்த மனுஷர்? படம் எத்தனை மணிக்கு, டைரக்டர் எப்பப் பேசுவார், எல்லாம் புட்டுப்புட்டு வச்சிருக்கார். பத்தொன்பது பேர் கூப்பிட்டிருக்காங்க. ஒருத்தர்கிட்டகூட எரிஞ்சு விழலையாம்!"

எங்கள் அப்பாவா எரிந்து விழவில்லை! அப்புறம்தான் உறைத்தது. நான் எழுதிய செய்தி ஒவ்வொன்றையும் உங்களுக்கு அனுப்பினேனே, ஒன்றுவிடாமல் படித்திருக்கிறீர்கள்.

அங்கேயே வேலை கொடுத்துவிட்டார்கள். இரண்டு வருடம் மக்கள் தொடர்பு, பிறகு படத் தயாரிப்பு. இதுதான் என் திட்டம். ஓட்டை இருந்தால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

"என் பொண்ணு எழுதினது, தப்பே இருக்காது" என்று எல்லோரிடமும் சொன்னீர்களாமே. முன்பின் தெரியாத பத்தொன்பது பேருக்குப் போனை எடுத்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை இருபதாவதாக நான் கூப்பிடுவேன்.

எடுங்கள், அப்பா.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி