கடைசிப் பக்கம்

மயிலாப்பூர்,
20-1-1974

அன்புள்ள பொன்ராஜுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உன் அழைப்பு அட்டை வந்தது. பிப்ரவரி பதினாறாம் தேதி, உன் மீனாட்சியின் முதலாண்டு நினைவாக, தியாகராய நகரில் உன் வீட்டு மாடியில் இசைத்தட்டுக் கச்சேரி. புரூக்னரின் நீண்ட சிம்பொனி. பிறகு சிற்றுண்டி. தங்க நிற எழுத்து வேறு. புதுக்கடை திறப்பு விழா அட்டையை அச்சடித்த அதே அச்சகம் போலிருக்கிறது.

வருவதாயில்லை. காரணத்தையும் எழுதிவிடுகிறேன்.

நீ ஹாஸ்டலில் என் அடுத்த அறையில் இருந்தபோது வயலினுக்கும் வாசற்கதவுக் கீலுக்கும் வித்தியாசம் தெரியாதவன். கச்சேரி சாலை வீட்டில் என் சின்ன அறையில், ஒற்றை ஸ்பீக்கரில், ஹைடனின் நால்வர் இசையை உனக்கு ஒவ்வொரு ஞாயிறும் போட்டுக் காட்டினேன். ஒரு சட்டம் வைத்திருந்தோம், நினைவிருக்கிறதா? தட்டு ஓடும்போது பேசக் கூடாது. முடிந்த பிறகும், உன்னை பஸ் ஏற்றிவிடும் வரை, இரண்டு பேரும் வாய் திறக்கக் கூடாது. கேட்டது உள்ளே இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். உன் பஸ் வராத நாட்களில் நாம் ஊமைகளைப் போல நின்றிருக்கிறோம்.

பிறகு உனக்குச் சிங்கப்பூரிலிருந்து ஸ்டீரியோ வந்தது. சனிக்கிழமைக் கூட்டம் வந்தது. யார் யார்! ஆடிட் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற கல்யாணராமன், மொசார்ட்டுக்குத் தொடையில் ஆதிதாளம் போடுகிறவர், எதைக் கேட்டாலும் "இது நம்ம சங்கராபரணம்தான் சார்" என்று கண்டுபிடிக்கிறவர். முதல் வரிசையில் உட்கார்ந்து தூங்குகிற டாக்டர். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கைதட்டல். கைதட்டல் முடிவதற்குள் போண்டா. மெதுவான பகுதியில் தேங்காய்ச் சட்னி வேண்டுமா என்று ஒருவர் காதில் கேட்கிறார். இவர்களுக்கு இசை எதற்கு? சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவுவது போல ஒரு சடங்கு.

எல்லாவற்றையும்விட, நீ எழுந்து நின்று சொல்லும் கதை. சைக்ளோஸ்டைல் செய்து கையில் வேறு கொடுக்கிறாய். தட்டின் முதல் பக்கத்தில் ஒருவன் ஊரை விட்டுப் போகிறான், இரண்டாவதில் போர், மூன்றாவதில் கல்யாணம், நாலாவதில் வீடு திரும்புகிறான். புரூக்னர் என்ன உன் கடைக்குத் தீபாவளி விளம்பரமா எழுதினான்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த சிம்பொனியை நீ முதன்முதலில் போட்ட சனிக்கிழமை நான் இருந்தேன். ஒரு பிழையைக் கண்டு எழுந்து, "பொன்ராஜ், ஒரு நிமிஷம்" என்றேன். நீ என்ன சொன்னாய்? "வாத்தியார் பிரம்பை எடுத்துட்டாரு, எல்லாரும் வாயில வெரல வையுங்கப்பா." கூட்டம் முழுவதும் சிரித்தது. கல்யாணராமன் நிஜமாகவே வாயில் விரலை வைத்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். சொல்ல வந்ததை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. உனக்காகவே வைத்திருந்தேன்.

அந்த இரண்டு தட்டுகளின் லேபிளை எடுத்துப் பார். முதல் பக்கமும் நாலாவது பக்கமும் ஒரே தட்டில் இருக்கும். இரண்டும் மூன்றும் மற்றதில். தட்டுகளை அடுக்கி வைத்தால் தானாக ஒன்றன்மேல் ஒன்று விழும் இயந்திரங்களுக்காக அப்படி அச்சிடுகிறார்கள். உன்னுடையதில் அந்த வசதி கிடையாது. நீ தோசையைப் போல முதல் தட்டைத் திருப்பிப் போடுகிறாய். அதனால் முதல் பகுதிக்குப் பிறகு இறுதிப் பகுதி வருகிறது. அதன் பிறகு இரண்டாவது, மூன்றாவது. உன் 'போர்' என்பதுதான் சிம்பொனியின் முடிவு. உன் 'வீடு திரும்புதல்' நடுவில் வருவது. மூன்று வருஷமாக முப்பது பேர் தலைகீழாகக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒருவன் மயிலாப்பூரில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

நீரஜா உன்னை விசாரித்தாள்.

சந்திரமௌலி


தியாகராய நகர்,
27-1-1974

அன்புள்ள மௌலிக்கு,

பொன்ராஜ் எழுதுவது. நலம். நீயும் நீரஜாவும் சுகமாக இருக்க வேண்டும். உன் கையெழுத்தைப் பார்த்ததும் கடையில் எல்லோரிடமும் "எங்க மௌலி எழுதியிருக்கான்" என்று சொல்லிவிட்டுத்தான் பிரித்தேன். படித்த பிறகு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

லேபிளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி. ஒன்று, நாலு. இரண்டு, மூன்று. சேலை மடிப்பில் ஒரு இழை பிசகினால் எட்ட நின்று கண்டுபிடிக்கிறவன் நான். இதைப் பார்க்கவில்லை.

முதலில் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

மீனாட்சிக்கு இந்தச் சங்கீதம் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். "யாரோ பரண்ல சாமான் உருட்டுத மாதிரி இருக்கு" என்பாள். உன் மேல் மரியாதை உண்டு, உன் தட்டுகள் மேல் கிடையாது. ஆனால் இந்த சிம்பொனி போட்ட சனிக்கிழமைகளில், நாலாவதாக வருகிற அந்த மெதுவான பகுதி தொடங்கியதும் அடுப்பை அணைத்துவிட்டுக் கதவோரம் வந்து நிற்பாள். அடையாறு ஆஸ்பத்திரியில் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று சொன்ன பிறகு, தினமும் அதைத்தான் கேட்டாள். "அந்தக் கடைசிப் பக்கத்தைப் போடுங்க. வீட்டுக்குத் திரும்பி வாற பாட்டுல்லா அது." நான் சொன்ன கதைதான். நீ காறித் துப்பும் கதை. அவள் நம்பினாள்.

அதனால்தான் பதினாறாம் தேதிக்கு அதை வைத்தேன். இப்போது பார், கடைசிப் பக்கம் கடைசிப் பக்கமே இல்லை. போதாததற்கு, கிண்டியில் மெஷின் பொருத்த வந்திருக்கும் ஜெர்மன்காரர் ஒருவரையும் குடும்பத்தோடு அழைத்திருக்கிறேன். அந்த நாட்டுச் சங்கீதம் கேட்டு வளர்ந்தவர். மீனாட்சி பெயரால் கூட்டம் போட்டு அவர் முன்னால் நான் கோமாளியாக நிற்க வேண்டுமா? சரியான வரிசையில் போட்டால் அவள் நின்று கேட்டது நடுவில் போய்விடும். என்ன செய்யட்டும்?

அன்று நான் சொன்னது வேடிக்கைக்கு. நீ போனதும் மீனாட்சி என்னை ஏசியது உனக்குத் தெரியாது. "நல்லாருக்கு ஒங்க வேடிக்க. அந்த மனுசன் காப்பியக் கூடத் தொடாமப் போறாரு. போய்க் கூட்டியாங்க." நான் போகவில்லை. நீயே வருவாய் என்று நினைத்தேன்.

நீ வந்து உன் கையால் ஊசியை வை. எந்த வரிசை என்று நீ சொல். அதன்படி செய்கிறேன்.

உன்
பொன்ராஜ்


மயிலாப்பூர்,
31-1-1974

பொன்ராஜுக்கு,

இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எழுதியவன் எழுதிய வரிசையில் போடு. ராமாயணத்தில் பட்டாபிஷேகத்தைப் படித்துவிட்டு வனவாசத்துக்குப் போவாயா?

மீனாட்சியைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதே. ஒருவருடைய துக்கத்துக்காக இன்னொருவனுடைய சிம்பொனியை வெட்டி ஒட்ட முடியாது. நீ வெட்டுவது துணி அல்ல.

அந்தத் தட்டுகளை எனக்கு ஒரு வாரம் அனுப்பி வை. எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். உன் கூட்டத்தின் எண்ணெய்க் கை எத்தனை பட்டதோ.

சந்திரமௌலி


தியாகராய நகர்,
6-2-1974

அன்புள்ள மௌலிக்கு,

தட்டுகளை அம்மாசியிடம் கொடுத்தனுப்புகிறேன். எங்கள் கடை ரிக்ஷாக்காரர்தான், நிதானமானவர்.

அனுப்புவதற்கு முன்னால், நீ சொன்ன வரிசையில், கடை விடுமுறையன்று நான் மட்டும் உட்கார்ந்து கேட்டேன். மூன்றாவது முடிந்தது. அவள் கதவோரம் நிற்கிற மாதிரியே இருந்தது. பிறகு நாலாவது தொடங்கியது. கடைசியில் அத்தனை பித்தளை வாத்தியங்களும் ஒன்றாகக் கிளம்பி வெற்றி, வெற்றி என்றன. என்ன வெற்றி, மௌலி? எழுந்து கீழே கடைக்குப் போய், மூடிய ஷட்டருக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டேன்.

ஆனாலும் நீ படித்தவன். நீ சொல்கிறபடியே போடுகிறேன். முடிவாக ஒரு வரி எழுது. கதை எழுதிய தாள்களை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

உன்
பொன்ராஜ்


மயிலாப்பூர்,
11-2-1974

பொன்ராஜ்,

தட்டுகள் வந்தன. உன் அம்மாசி அவற்றைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்து எடுத்துவந்து, "நைனா குட்த்தாரு, வெயில்ல வெக்கக் கூடாதாம்" என்று எனக்கே பாடம் சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவது தட்டின் ஓரத்தில் மஞ்சள் கறை. போண்டா என்றுதான் நினைக்கிறேன். துடைத்துவிட்டேன். மற்றபடி மோசமில்லை. மூன்றாம் பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. அதற்கு யாரையும் குற்றம் சொல்லப்போவதில்லை.

சரியான வரிசையில் ஒருமுறை கேட்டேன். பிறகு, உன் மடத்தனம் எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்து பார்க்க, உன் வரிசையில் ஒருமுறை. நீரஜா காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் அந்த மூன்றாம் பக்கத்தில் அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டாள். முடிந்ததும் நான் வழக்கம்போல ஊசியை எடுத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அவள்தான் பேசினாள். "மீனாட்சி உங்களுக்குன்னு தனியா பில்டர்ல டிகாக்‌ஷன் எறக்கி வெப்பா. அவாத்துல மத்தவா யாருக்கும் அது கெடையாது. நீங்க ஒரு நாள் கோவத்துல அதத் தொடாம எழுந்து வந்துட்டேள்." அவளுக்கு இசையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

உன் கேள்விக்கு வருகிறேன். எழுதியவன் அந்த மெதுவான பகுதிக்குப் பிறகு இன்னொன்று எழுதினான். அது அவன் உரிமை. பித்தளையை முழக்கி எல்லாம் ஜெயம் என்று சொல்ல அவனுக்கு அதற்குப் பிறகும் நாட்கள் இருந்தன. மீனாட்சிக்கு அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

ஆகவே அன்று ஒரு நாள் மட்டும் ஒன்று, நாலு, இரண்டு, மூன்று என்றே போடு. ஒரு நாள் மட்டும். அடுத்த சனிக்கிழமையிலிருந்து ஒழுங்காகப் போடாவிட்டால் தட்டுகளை நானே உடைப்பேன்.

இது பிழை. பிழை என்பதில் மாற்றமில்லை. உன் கூட்டம் ரசிகர் கூட்டம் ஆகிவிட்டது என்றும் நினைத்துக்கொள்ளாதே. கோமாளியாக நிற்க வேண்டாம் என்றால் நீ செய்ய வேண்டியது, வாசலில் ஒரு அட்டையில் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி வைப்பது: 'மீனாட்சி கேட்ட வரிசையில்.' அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். அதைப் படித்த பிறகும் ஜெர்மன்காரர் முகத்தைச் சுளித்தால் என்னிடம் அனுப்பு, பதில் சொல்லிக்கொள்கிறேன். போரும் கல்யாணமும் எழுதிய தாள்களை எரித்துவிடு.

தட்டுகளை நானே எடுத்து வருகிறேன். ஊசி துடைக்கும் என் சொந்த பிரஷ்ஷும் வரும். மெஷினுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு முக்காலி போடு. திருப்புவது, மாற்றுவது எல்லாம் நான்தான். நடுவில் போண்டா வந்தால் ஊசியைத் தூக்கிவிடுவேன். கல்யாணராமனைக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல். கடைசிப் பக்கம் முடிந்து யாராவது கைதட்டினால், அது ஜெர்மன்காரராக இருந்தாலும், திட்டிவிடுவேன்.

முடிந்ததும் என்னோடு பஸ் நிறுத்தம் வரை வா. கூட்டத்தைப் பிறர் கவனிக்கட்டும். வழியில் பேசாதே. நானும் பேசமாட்டேன். பஸ் வரத் தாமதமானால் நின்றுகொண்டிருப்போம்.

இந்தக் கடிதத்தின் கீழ் என் பெயரைப் போடமாட்டேன். இறுதிப் பகுதி இரண்டாவதாக வரலாம் என்று சொல்லும் காகிதத்தில் என் கையெழுத்து இருந்தால், நாளைக்குக் கல்யாணராமன் அதைக் கண்ணாடி போட்டு மாட்டிவிடுவார். யார் எழுதியது என்று உனக்குத் தெரியும், அது போதும். இப்படியே ஒட்டித் தபாலில் போடப்போகிறேன்.