தாடையெலும்பைத் தேடிய மூன்று வாரங்கள்

இன்று காலை மேசையை ஒதுக்கும்போது இழுப்பறையின் அடியில் உன் பூதக்கண்ணாடி கிடைத்தது. பிடியில் நீ சுற்றிய நீல நாடா இன்னும் உரியவில்லை. வேலையை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்தேன். வடக்கே போய் வந்ததை உனக்கு நான் சொல்லவேயில்லை.

நோர்வேத் தலைநகரின் இரு புறநகர்களான ஸ்டோவ்னரிலிருந்து நீயும் மோர்டென்ஸ்ருட்டிலிருந்து நானும் பல்கலைக்கழகத்தின் ஒரே சேமிப்பறைக்கு வேலைக்கு வந்தோம். நோர்வேயின் வடக்கில் வாழும் பூர்வகுடிகளான சாமி மக்களின் எலும்புகள் அங்கே அட்டைப்பெட்டிகளில் அடுக்கப்பட்டிருந்தன. ஒரு காலத்தில் ஆராய்ச்சி என்று சொல்லி அவர்களுடைய புதைகுழிகளைத் தோண்டி எடுத்து வந்தவை. "சாமி எண்டதும் நான் எங்கடை கோயில் சாமியெண்டெல்லோ நினைச்சனான்" என்று முதல் நாள் சிரித்தாய். முதற்பெட்டியைத் திறந்த பிறகு அந்த அறையில் நீ சிரித்து நான் பார்க்கவில்லை.

ஒரு வசந்தகாலத்தில் வடக்கிலிருந்து ஒரு பெண் வந்தார். தன் பாட்டனாரின் அக்காவை ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். பத்தொன்பது வயதில் இறந்தவள். எங்கள் பதிவேட்டில் அவளுக்குப் பெயர் இல்லை; ஊரும் வயதும் ஓர் எண்ணும் மட்டும். பெட்டியில் மண்டையோடு இருந்தது, கீழ்த்தாடை இல்லை. இருப்பதைக் கொடுத்தால் போதும் என்றார் மேலாளர். அந்தப் பெண்ணும் தலையசைத்தார். நீ மட்டும் ஒப்பவில்லை.

அன்றிலிருந்து வேலை முடிந்தும் நீ வீட்டுக்குப் போகவில்லை. ஒவ்வொரு பெட்டியாக இறக்கி, எலும்பில் யாரோ எழுதிவைத்த மங்கிய எண்களை இந்தப் பூதக்கண்ணாடி வைத்து வாசித்தாய்.

"விடு மச்சான், போதும் எண்டு அவையே சொல்லீட்டினம்" என்றேன்.

நீ நிமிரவில்லை. "என்ரை தம்பியின்ரை ஒரு எலும்பு கிடைச்சாலும் அம்மா கும்பிட்டு வாங்குவா. ஆனா மிச்சம் எங்கையெண்டு மனுசி கேக்கும். இவையும் ஒருநாள் கேப்பினம்."

போரின்போது வன்னியில் காணாமற்போன உன் தம்பியைப் பற்றி அதற்கு முன் நீ என்னிடம் கதைத்ததேயில்லை. மறுநாளிலிருந்து நானும் உன்னோடு நின்றேன்.

மூன்றாம் வாரம், வேறோர் ஊரின் பெட்டியில் அது கிடைத்தது. எல்லோரும் ஒன்று என்று வாசித்த கடைசி இலக்கம் உண்மையில் ஏழு. நிபுணர் வந்து இரண்டையும் பொருத்திப் பார்த்து, ஒருத்தியுடையதுதான் என்றார். நீ வெளியே போய்ப் படிக்கட்டில் இருந்தாய். நான் தேத்தண்ணி கொண்டுவந்தபோது, "ஒருத்தியெண்டாலும் முழுசாப் போறாள்" என்று மட்டும் சொன்னாய்.

கையளிப்புக்கு நாள் குறிக்க ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தார்கள். அதற்குள் உன் இதயம் நின்றுவிட்டது. உன் இடத்தில் நான் போனேன்.

அங்கே மயானத்தில் இன்னும் பனி முழுதாகக் கரையவில்லை. அந்தப் பெண் என்னைக் கண்டதும் எனக்குப் பின்னால் பார்த்தார். "தாடையைத் தேடி எடுத்தவர் வரவில்லையா?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார். சொன்னேன். குடும்பத்தினர் மட்டுமே பெட்டியை இறக்குவதாக இருந்தது. அவர் தன் கையிலிருந்த கயிற்று நுனியை என்னிடம் நீட்டினார்.

"இது அவர் பிடிக்க வேண்டியது. நீங்கள் பிடியுங்கள்."

அவர்கள் தங்கள் மொழியில் அவளுடைய பெயரைச் சொல்ல, மற்றவர்களோடு சேர்ந்து நானும் கயிற்றை விட்டுக்கொடுத்தேன். பாரமே இல்லை. பெட்டி மண்ணைத் தொட்டதும் கயிறு சட்டென்று தளர்ந்தது. அந்தத் தளர்வு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் யாழ்ப்பாணத்துக்கு அழைக்கும்போது உன் அம்மாவிடம் அதைச் சொல்ல நினைப்பேன். "சாப்பிட்டியோ தம்பி?" என்று அவர் கேட்பார். ஓம் அம்மா என்பேன். பிறகு மழையைப் பற்றிக் கதைப்போம்.