அடுத்த ஞாயிறு பால்டிமோரை எப்படி மடக்குவது

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? பஃபலோவில் இடுப்பளவு பனி என்றார்கள். நீங்களே வாரிக் கொட்டாதீர்கள்.

போன செவ்வாய் இங்கே எண்ணெய்க் கிணற்றுப் படியில் சறுக்கிவிட்டேன். விலாவில் லேசான விரிசல், அவ்வளவுதான். தூக்கிவிட்ட, கூட வேலை செய்யும் டுவேன், “உங்க பஃபலோ ஃபுட்பால் டீம் மாதிரியே நீயும் ஜனவரி வந்தா விழுந்துடுறியே!” என்றான். சிரித்தால்தான் வலிக்கிறது. நவம்பரில் இங்கே வந்ததிலிருந்து இவ்வளவு நேரம் படுத்ததே இல்லை, எழுந்திருக்கவே மனமில்லை.

தோற்றால் வீட்டுக்குத்தான் என்கிற பிளே-ஆஃபில் நாம் விழக் கூடாது அப்பா. பால்டிமோர்காரர்கள் இரண்டு ஓரத்திலிருந்தும் பாய்வார்கள். நம் குவார்ட்டர்பேக் பந்தை வீசாமல் யோசித்துக்கொண்டு நின்றால் தொலைந்தோம். நம்மூர் ஏரிக்காற்றில் நீள வீச்சும் எடுபடாது. நடுவில் முட்டி மோதி, நாலு நாலு கஜமாக நகர வேண்டும். பந்து நம்மிடமே இருக்க, கடிகாரம் ஓடும்; அவர்களுடைய வீச்சாளன் ஓரத்தில் குளிரில் விறைத்துக் கிடப்பான். கடைசியான நாலாவது முயற்சியில் ஒரு கஜம்தான் பாக்கி என்றால், முட்டிப் பார்க்க வேண்டும்; பந்தை உதைத்துவிடவே கூடாது. நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். ஆட்டத்தன்று எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். முகாமில் நான் மட்டும்தான். ஆட்டம் இங்கேயும் டிவியில் வரும். ஆனாலும் ஆரம்பித்ததும் எனக்கு போன் போட்டு, ரிசீவரை உங்கள் நாற்காலிக் கையில் வைத்துவிடுங்கள். என்னோடு பேச வேண்டாம். “உதைடா, மடையா!” என்று நீங்கள் கத்துவது காதில் விழுந்தால் போதும்.

தபால் வண்டி கிளம்புகிறது.

உங்கள் மகன்,
ரோமன்