ஈறு நன்றாக இருக்கிறதென்று சொன்னேன்

1965 ஜூன் 12, சனி

மேல்சித்தாமூரிலிருந்து பத்மா என்ற பெண்ணை அழைத்து வந்தார்கள். பத்தொன்பது வயது. கூட வந்தவள் மாப்பிள்ளையின் அக்கா. நிச்சயத்துக்கு முன்னால் பல்லைப் பார்த்துவிட வேண்டுமாம். செஞ்சியில் பல் டாக்டர் நான் ஒருவன்தான்.

"இவ அம்மாவுக்கு முப்பத்தஞ்சு வயசுலயே பல்லெல்லாம் கொட்டிப்பூடுச்சு டாக்டர். இவளுக்கும் அப்படி ஆவுமான்னு பாத்து சொல்லுங்க."

சந்தையில் மாட்டுக்குப் பல்லைப் பார்ப்பதைப் போல! எனக்குக் கோபம் வந்தது.

ஈறில் கம்பியால் தொட்ட இடமெல்லாம் ரத்தம். கீழ்ப்பற்கள் இரண்டு இப்போதே லேசாக ஆடின. கவனிக்காவிட்டால் அம்மாவின் கதிதான். பத்மா அடிக்கடி ஏதோ சொல்ல வாயசைத்தாள். "பேசாதம்மா, நல்லா வாயத் திற" என்றேன். ரத்தத்தைப் பஞ்சால் துடைத்துவிட்டு அக்காக்காரியிடம், "ஈறு நல்லா இருக்குது, பயமில்ல" என்றேன். ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்டதாக நினைப்பு எனக்கு.

குடையை மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு பத்மா மட்டும் திரும்பி வந்தாள்.

"ஏன் டாக்டர் பொய் சொன்னீங்க? அந்தாளுக்கு நாப்பது வயசு. ரெண்டாந்தாரமாப் போவச் சொல்றாங்க. நீங்க உண்மையச் சொன்னா வேணாம்னு போயிடுவாங்கன்னுதான் நான் வந்தேன்."

பஸ் ஹாரன் அடித்தது. ஓடிவிட்டாள்.

இனி உண்மையை எழுதி அனுப்பினால் ஊரெல்லாம் பரவும். வேறு யாரும் அவளைக் கேட்டு வரமாட்டார்கள். எழுதாவிட்டால் ஆவணியில் கல்யாணம்.

வாய்க்குள் கண்ணாடியை வைத்துக்கொண்டு, பேசாதே என்று அவளிடம் மூன்று தடவை சொன்னேன்.