இந்தியருக்கான மலாய் வகுப்பு

நாற்காலிகளை இனி வரிசையாகப் போடாமல் வட்டமாகப் போடுவது என்று மருத்துவமனைப் பயிற்சிக் குழு இன்று ஒருமனதாகத் தீர்மானித்தது. காலை முழுக்க விவாதம். பல இன ஊழியர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள இதைவிடப் பெரிய முயற்சி நாட்டில் நடந்ததில்லை என்றார் தலைவர். ஓய்வுபெற்றவன் என்ற மரியாதைக்கு அழைக்கப்பட்டிருந்த நானும் கை தூக்கினேன். நாற்காலிகள் இழுபடும் சத்தத்தில் உன் ஞாபகம் வந்தது. நீ போனபிறகு இந்தக் கூட்டங்களில் என்னைச் சிரிக்க வைக்க ஆளில்லை.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மறுவருடம் நம் மருத்துவமனைப் பதிவுப் பிரிவுக்கும் இப்படி ஒரு பயிற்சி வந்தது. தேறினால்தான் வேலை நிரந்தரம். லண்டனில் படித்துத் திரும்பிய தமிழ் அதிகாரி, நம்மைப் பார்க்கும் முன்பே பாடங்களை முடிவு செய்திருந்தார். இந்தியருக்கு மலாய். உன் பெயரின் கடைசியில் பிள்ளை இருந்தது. அது போதும் அவருக்கு. பெயரில் பிள்ளை இருந்தாலும் நீ காஜா பெராங் செட்டி; உங்கள் ஆட்கள் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, பல தலைமுறையாக வீட்டில் மலாய்தான் பேசுவார்கள் என்பதை லண்டனில் சொல்லித் தருவதில்லை.

நீ எழுந்து மலாயில் கேட்டாய். "துவான், மலாய் எங்கம்மா பேசின பாஷை. கவுண்டருக்கு வர்ற தோட்டத்து ஆளுங்க தமிழ்தான் பேசறாங்க. வயித்துவலியா பல்வலியான்னே எனக்குப் புரியல. தமிழ் சொல்லித் தாங்களேன்."

அவருக்குப் பாதி புரிந்தது. ஆங்கிலத்தில் பதில் சொன்னார்: "மிஸ்டர் பிள்ளை, நீங்க இந்தியர். தமிழ் உங்க ரத்தத்துலயே இருக்கு."

"ரத்தம் எடுக்கிற ரூம் மாடியிலதான் இருக்கு துவான். எடுத்துட்டு வரட்டுமா?"

வகுப்பே சிரித்தது, அவரைத் தவிர. பிறகு புத்தகத்தைப் பிரித்து, சோற்றுக்கு மலாயில் என்ன என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தார். நீ திரும்பச் சொன்னாய். உன் உச்சரிப்பைத் திருத்தினார்.

சாயங்காலங்களில் கோப்பிக்கடையில் எனக்கு மலாய் கற்றுத்தந்தவன் நீ. "அண்ணே, புத்தகத்துல உள்ளபடி பேசினா நோயாளி எழுந்து ஓடிருவான்" என்பாய். உனக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொற்களில் அந்த 'அண்ணே'யும் ஒன்று.

கடைசி நாள், உங்கள் தேவை என்ன என்று கேட்டார். அவர் எழுத வேண்டிய அறிக்கையில் அதற்கும் ஒரு பத்தி இருந்ததாம். நீ எழுந்தாய். நேரமாகிவிட்டது என்று உட்காரச் சொல்லிவிட்டார்.

வாய்மொழித் தேர்வில் புத்தகத்தை ஒப்பித்து நான் தேறினேன். உன் மலாய் புத்தகத்தோடு ஒத்துவரவில்லை என்றார்.

ஓய்வுபெறும்வரை கவுண்டரில் நான் பேசியது கோப்பிக்கடையில் நீ கொடுத்த மலாய். இன்றும் என் வாயில் இருப்பது அதுதான். தேறாத நீ, தேர்வுக்கு அடுத்த மாதமே செமாபோக் போகும் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கப் போனாய்.